பெட்டியில் பத்திரிகை முத்திரை: நம்பலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் 5 லிட்டர் குக்கர் வாங்கினேன். பெட்டியில் ‘பரிசோதித்து அங்கீகரிக்கப்பட்டது’ என்று ஒரு பத்திரிகையின் வட்ட முத்திரை, பக்கத்திலேயே ஐ.எஸ்.ஐ. எதை நம்புவது?
– வாசகி, கடலூர்

பதில்: ஐ.எஸ்.ஐ.யை, அதுவும் சரிபார்த்த பிறகு.

பத்திரிகை முத்திரை பழைய சரக்கு. அமெரிக்காவின் ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ 1900-இல் சோதனைக்கூடம் திறந்து, 1909-இல் முத்திரை தரத் தொடங்கியது. கூடம் நிஜம்தான்; ஆனால் முத்திரை பெற்ற பொருட்கள் அதே பத்திரிகையில் விளம்பரமாகவும் வந்தன. சோதிப்பவருக்குக் காசு தருபவரே சோதிக்கப்படுபவர் என்றால் சந்தேகம் வராதா? 1939-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது, 1941-இல் தடை உத்தரவு வந்தது. அதன்பின் ‘அங்கீகரிக்கப்பட்டது’ போய், பொருள் பழுதானால் மாற்றித் தருவோம் அல்லது பணம் தருவோம் என்ற வாக்குறுதி மட்டும் நின்றது. மாறாக, 1936-இல் தொடங்கிய, பொருட்களைச் சோதித்து எழுதும் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை விளம்பரமே வாங்குவதில்லை.

உங்கள் பெட்டியில் ‘பழுதானால் யார் பணம் தருவார்’ என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்த வட்டம் வெறும் அலங்காரம்.

குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம். முத்திரையின் மேலே ஐ.எஸ். 2347, கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கவேண்டும். பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது, பாத்திரத்திலும் தேடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிமம் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வரும். எண் உண்மையானதாக இருந்தும் வேறு நிறுவனத்தின் பெயரையோ வேறு பொருளையோ காட்டினால், போலி என்றே சந்தேகியுங்கள்.

கேள்வி: பத்திரிகையில் தண்ணீர் சுத்திகரிப்பானைப் பற்றி நாலு பக்கக் கட்டுரை. கடைசியில் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’. புகார் செய்யலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: செய்யலாம். மத்திய அரசின் 2022 விளம்பர வழிகாட்டுதல்படி பொறுப்புத்துறப்பு வாசகம் (விளம்பரத்தின் கூற்றை விளக்கும் சிறு குறிப்பு) விளம்பரம் சொல்லும் அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும்படி இருக்கவேண்டும். பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பையும் சொல்லியாக வேண்டும்.

2019 நுகர்வோர் சட்டத்தின் 21-வது பிரிவில், பொய் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கோ பரிந்துரைத்தவருக்கோ 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கு ஓராண்டு வரை தடையும் போடலாம். பத்திரிகைக்கும் 10 லட்சம் வரை உண்டு. ஆனால் வழக்கமான தொழில்முறையில் வெளியிட்டோம் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம், பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள்.

முழுப் பக்கத்தையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். அந்தப் பொடி எழுத்தைத் தனியாக ஒரு படம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், அல்லது ஆட்சியரிடம் மனு கொடுங்கள். நீங்கள் வாங்கி ஏமாந்திருந்தால் பில்லுடன் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்: பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, கெடு 2 ஆண்டு.