கேமுல வர்ற துவக்கு நிஜத் துவக்கா? வாசகர் கேள்விக்கு பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல துவக்கு கேம் பத்திதான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதை மட்டும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, நானும் கூட்டாளியும் ஆக்‌ஷன் படம் மாதிரியே இருக்கிற ஒரு கேம் விளையாடுறோம். ரெண்டு கையிலயும் பிஸ்டல் வச்சி பாய்ஞ்சிக்கிட்டே சுடலாம். துவக்கோட பேரு, உருவம், எத்தனை ரவைங்கிறது எல்லாம் அச்சு அசலா இருக்கு, அதனால எல்லாமே நிஜம்னு அவன் சொல்றான், நான் இல்லைங்கிறேன். யாரு சரி? – தலவாக்கலை வாசகர்

தம்பி, நீங்கதான் சரி, ஆனா உங்க கூட்டாளி ஏன் அப்படி நினைக்கிறாருன்னு எனக்கு நல்லா புரியுது. இந்த மாதிரி கேம் செய்றவங்க துவக்கைப் பாத்து கேம் செய்யல, துவக்கு வர்ற படத்தைப் பாத்து செய்றாங்க. படம்னு எடுத்துக்கிட்டா அது அச்சு அசல்தான்.

இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. 1997 கடைசியில குவேக் 2ங்கிற சுடுற கேம் வந்திச்சு, அடுத்த வருசமே ரசிகர்கள் சில பேர் சேர்ந்து அதுக்கு மேல ஆக்‌ஷன் குவேக் 2ன்னு ஒரு மோட் (இருக்கிற கேமையே மாத்திச் செய்றது) செஞ்சி இலவசமா விட்டாங்க. நோக்கமே ஆக்‌ஷன் படத்துக்குள்ள நம்மள நிறுத்துறதுதான், ரெட்டைப் பிஸ்டல், எறியிற கத்தி எல்லாம் அதுல உண்டு. அதுல வேலை செஞ்ச மின் லேங்கிறவருதான் அடுத்து 1999ல கவுன்டர் ஸ்ட்ரைக்ங்கிற கேமை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். ரெட்டைப் பிஸ்டல் ஸ்டைல உலகம் பூரா பரப்பினது ஹாங்காங் டைரக்டர் ஜோன் வூவோட படங்கள். நிஜத்துல ரெண்டு கையிலயும் பிஸ்டல் இருந்தா ஒண்ணைத்தான் கண்ணுக்கு நேரா வச்சி குறி பாக்க முடியும், மத்தது சும்மா அந்தப் பக்கமா வெடிக்கும், ரவை தீந்திச்சுன்னா மாத்துறதுக்கு கை மிச்சமில்ல.

பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடினவங்க ஒண்ணு பாத்திருப்பீங்க, அதுல ஏகே-47 வலது கையிலதான் இருக்கும், ஆனா ரவையை ஏத்த இழுக்கிற போல்ட் இடது பக்கம் இருக்கும், சுட்ட ரவையோட வெத்துக் கோதும் இடது பக்கமாத்தான் தெறிக்கும். நிஜத்துல ரெண்டும் வலது பக்கம். முதல்ல இடது கைக்காரங்களுக்கு ஏத்த மாதிரி செஞ்ச உருவத்தை அப்படியே கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பிப் போட்டதால வந்தது அது. விளையாடுறவங்க கண்ணுக்கு முன்னால போல்ட் ஆடுறதும் கோது பறக்கிறதும் பளிச்சின்னு தெரிஞ்சதால யாருக்கும் குறையாப் படல. துவக்கு இப்படி இருக்கான்னு யாரும் பாக்கல, பாக்க நல்லா இருக்கான்னு பாத்தாங்க.

சரியா வர்ற விசயமும் இருக்கு, அதையும் சொல்லணும். ஏகே நிமிசத்துக்கு 600 ரவை சுடும், அப்படின்னா செக்கனுக்கு 10, ரவைக்கூட்டுல இருக்கிறது 30, விரலை எடுக்காம அமுக்கினா மூணே செக்கன்ல காலி. கேமுல இது சரியா வரும், படத்துலதான் ஹீரோ ஒரு பாட்டு முடியிற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருப்பாரு. ஆனா அதே கேமுல நீங்க ஏழு ரவை சுட்டுட்டு ரீலோட் அமுக்கிப் பாருங்க, மிச்சம் 23 ரவையும் தண்ணி மாதிரி மொத்தக் கணக்குல போய்ச் சேந்துரும். நிஜத்துல அந்த 23 ரவை பாதிக் கூட்டுலயே கிடக்கும், கூட்டைக் கழட்டி பைக்குள்ள போட்டாச்சுன்னா, அடுத்து அவசரத்துல கையை விடுறப்ப முழுக்கூடு வருதா அந்தப் பாதிக்கூடு வருதான்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சி ஒரு கேம் நிஜத்துக்கு எவ்வளவு கிட்டன்னு பாக்க ரீலோட் பட்டனை அமுக்கிப் பாத்தாலே போதும்.

அடுத்தது பாரம். இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துறது. நம்ம நாட்டுல எல்லாருக்கும் பேரு தெரிஞ்ச டி-56, அதாவது ஏகேயைப் பாத்து சீனாவுல செஞ்சது, வெறுமனே நாலு கிலோவுக்கு கிட்ட வரும், ரவை நிறைஞ்ச இரும்புக்கூடு ஒண்ணு முக்கால் கிலோவுக்கு மேல. கேம் ஹீரோ இதோட ஒரு ஷொட்கன், ஒரு ஸ்னைப்பர், ரெண்டு பிஸ்டல், பத்துக்கூடு ரவை எல்லாத்தையும் தூக்கிட்டு சுவரேறி குதிப்பாரு. கூட்டிப் பாத்தா 20 கிலோவைத் தாண்டும். பாரம்னா என்னன்னு நம்ம ஊர்ல சொல்லித் தர வேண்டியதில்ல, 18 கிலோ கொழுந்து எடுத்தாத்தான் முழுப்பேரு, அதாவது முழுநாள் சம்பளம்னு இருக்கிற தோட்டத்துல அம்மா கூடையோட நிறுவைக்கு இறங்கி வர்றதைப் பாத்தவங்க நாம, ஒவ்வொரு அடியும் குதிகாலை ஊன்டித்தான் வைப்பாங்க. அந்தப் பாரம் கேமுல எங்க? ஓடினா மூச்சு வாங்கணும், மூச்சு வாங்கினா குறி ஆடணும். சில கேமுல அதையும் வச்சிருக்காங்க, ஆனா படம் மாதிரி கேமுல வேணும்னே எடுத்துடுறாங்க, ஏன்னா அங்க விளையாட வர்றவங்களுக்கு பறக்கணும். அது தப்பில்ல, ஆனா அதை நிஜம்னு சொல்லக்கூடாது.

கேள்வி: ஷொட்கன்ல சுட்டா ஆள் பத்தடி தூரம் பறந்து போய் விழுறானே, அப்படி நடக்குமா? – பண்டாரவளை வாசகர்

நடக்காது. கணக்குப் போட்டே பாக்கலாம், ஓ.எல். சயன்ஸ்ல படிச்ச உந்தம்தான், பாரத்தையும் வேகத்தையும் பெருக்கினா வர்றது. 12 போர்ங்கிற குழல் அளவுக்குள்ள ஷொட்கன் தோட்டாவுல பெரிய சன்னம், அதாவது ஈய உருண்டை, 9 இருக்கும், எல்லாம் சேர்த்து 32 கிராம் அளவு, செக்கனுக்கு 400 மீட்டர் வேகம். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினா 13க்கு கிட்ட வரும். அதை 60 கிலோ ஆளுக்கு வகுத்தா செக்கனுக்கு 20 சென்டிமீட்டர் வேகம், தவழுற பிள்ளை அதை விட வேகமாப் போகும். டி-56 ரவைக்கு இன்னும் குறைவு, 8 கிராம், 715 மீட்டர், ஆள் மேல வர்ற வேகம் பத்து சென்டிமீட்டர்தான். இன்னொண்ணு, நியூட்டன் சொன்ன மாதிரி முன்னால போற உதை பின்னாலயும் உதைக்கும், சுடப்பட்டவன் பத்தடி பறந்தா சுட்டவனும் பறக்கணும். படத்துல பறக்கிறது இடுப்புல கம்பி கட்டி பின்னாலயிருந்து இழுக்கிறதால, கேம்காரங்க அந்தக் கம்பியை மட்டும் விட்டுட்டு பறக்கிறதை எடுத்துக்கிட்டாங்க.

இதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். சின்ன வயசுல எங்க தோட்டத்துல காட்டுப்பன்றி தொல்லைக்கு லைசென்ஸ் துவக்கு வச்சிருந்த வாச்சர் தாத்தா ஒருத்தர் இருந்தாரு, ஒத்தைக் குழல் 12 போர், அடிமரம் தேஞ்சி தேஞ்சி பளபளன்னு இருக்கும். ஒரு நாள் விடியக்காலம் பீலிக்கு மேல இருக்கிற மரக்கறித் தோட்டத்துல அவரு சுட்டப்ப நான் பத்தடி தள்ளி நின்னேன். மனுசன் 50 கிலோ கூட இருக்க மாட்டாரு, ஆனா வலது தோள் மட்டும் பின்னால போச்சு, ரெண்டு காலும் வச்ச இடத்துல அப்படியே நின்னிச்சு. எனக்குத்தான் காதுக்குள்ள கீங்னு ஒரு சத்தம், பொழுது சாயுற வரைக்கும் விடல. அவரு துவக்கை மடிச்சி கோதை எடுத்து என் உள்ளங்கையில வச்சாரு, சூடா இருந்திச்சு, தீபாவளி மத்தாப்பு அணைஞ்ச பிறகு வர்ற மாதிரி ஒரு வாசம். இந்த சூடு, வாசம், காதடைப்பு மூணுல எதுவும் இது வரைக்கும் எந்த கேமுலயும் எனக்குக் கிடைச்சதில்ல.

ஷொட்கன் பத்தி கேமுல இன்னொரு பெரிய பொய்யும் இருக்கு, பத்து மீட்டர் தாண்டினா சன்னமெல்லாம் ஆவியாப் போற மாதிரி காட்டுவாங்க. சாதாரணக் குழல்ல மீட்டருக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் சன்னம் விரியும், பத்து மீட்டர்ல ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அப்படியே கேமுல வச்சா எல்லாரும் ஷொட்கன் மட்டும்தான் எடுப்பாங்க, அதனால வெட்டிட்டாங்க.

கேள்வி: சைலன்சர் போட்டா நிஜமாவே ‘புஸ்’னுதான் கேக்குமா? – அட்டன் வாசகி

இல்லைங்க. வெறும் துவக்கு 160 டெசிபல் அளவு, சைலன்சர் போட்டா 130க்கு கிட்ட இறங்கும், அதுவும் காதுக்கு வலிக்கிற சத்தம்தான். அதுக்கு மேல, சத்தத்தை விட வேகமாப் போற ரவை காத்தைக் கிழிக்கிறப்ப ஒரு சவுக்கடி சத்தம் தனியா வரும், அதை சைலன்சர் ஒண்ணும் செய்யாது. ஹைரம் பேர்சி மெக்சிம் 1909லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு, அப்பவும் இப்பவும் வேலை ஒண்ணுதான், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ‘புஸ்’ங்கிறது சினிமாவோட சவுண்ட்காரங்க கண்டுபிடிச்சது.

கேள்வி: என் மகனுக்கு 13 வயசு, போன்ல எந்நேரமும் சுடுற கேம்தான். இப்படியே போனா துவக்குப் பிடிக்கப் பழகிருவானோன்னு பயமா இருக்கு தம்பி. – மஸ்கெலியா வாசகி

அக்கா, பெருவிரலால கண்ணாடியைத் தேய்க்கிறதால ஒருத்தரும் துவக்குப் பிடிக்கப் பழக மாட்டாங்க, அந்தப் பயம் வேணாம். வயசுக் கட்டுப்பாடு வேற விசயம், இந்த மாதிரி கேம்ல எத்தனை வயசுக்கு மேலன்னு போட்டிருக்கும், அதைப் பாத்து நீங்க முடிவெடுங்க.

எனக்கு இருக்கிற கவலை வேற. கேமுல அடிபட்டா சுவத்துக்குப் பின்னால அஞ்சி செக்கன் நின்னா போதும், திரையில சிவப்பு போய் உடம்பு முழுசா சரியாயிரும். எங்க லயத்துல ஒரு அண்ணன் இருக்காரு, விறகு பொறுக்கப் போனவர், யாரோ பன்றிக்கு வச்ச கட்டுத்துவக்கு, கம்பி தட்டினா தானா வெடிக்கிறது, முழங்காலுக்குக் கீழ அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா இருந்தாரு. காலை எடுக்கல, அது வரைக்கும் புண்ணியம். இன்னைக்கும் மலையில இறங்குறப்ப நேரா இறங்க மாட்டாரு, பக்கவாட்டுல, நண்டு மாதிரி ஒவ்வொரு காலா வச்சி இறங்குவாரு, மழைக்காலம் வந்தா ராவுல தூங்க மாட்டாரு. ஒரு சன்னம் மனுசனுக்கு செய்றது அதுதான். நான் மேல சொன்ன ஆக்‌ஷன் குவேக் 2ல, அவ்வளவு பழைய கேமுலயே, அடிபட்டா நின்னு கட்டுப் போடணும், போடலன்னா ரத்தம் போய்க்கிட்டே இருக்கும், கால்ல பட்டா நொண்டித்தான் நடக்கணும். படத்தைப் பாத்து செஞ்சவங்க இதை மட்டும் விடாம வச்சாங்க, அதுக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை. இப்ப வர்றதுல அனேகம் இதைத் தூக்கிருச்சு.

மகன்கிட்ட கேமை நிறுத்துன்னு சத்தம் போடுறதுக்கு முன்னால இதைச் சொல்லுங்க அக்கா, காட்டோரத்துல, மரக்கறித் தோட்டத்து வேலியோரத்துல குறுக்க கம்பியோ கயிறோ இழுத்துக் கட்டியிருந்தா தொடவும் கூடாது, தாண்டவும் கூடாது, வந்த வழியே திரும்பி வந்து பெரியவங்ககிட்ட சொல்லணும், பொலிசுக்கு 119. கட்டுத்துவக்கு வைக்கிறது சட்டப்படி குற்றம், இருந்தும் வைக்கிறாங்க. உங்க மகனுக்கு தன் வாழ்க்கையில நிஜமா எதிர்ல வரக்கூடிய துவக்கு அது ஒண்ணுதான்.

கேள்வி: நான் கேம் செய்யப் படிக்கிறேன் அண்ணே. நம்ம மலையில நடக்கிற மாதிரி ஒரு சின்ன ஆக்‌ஷன் கேம் செய்ய ஆசை. துவக்கை எவ்வளவு நிஜமா வைக்கிறது? – பதுளை மாணவி

தங்கச்சி, இந்தக் கடிதத்தைப் பாத்து எனக்கு அவ்வளவு சந்தோசம்! துவக்கோட உருவத்துல மாசக்கணக்கா உக்காராதீங்க, அது காசு கொடுத்தா ரெடிமேடாவே கிடைக்கும். ரெட்டைப் பிஸ்டல் வேணும்னா வைங்க, பாய்ஞ்சி சுடட்டும், படம் மாதிரி இருக்கட்டும். தகரத்துல படுற இடமெல்லாம் தீப்பொறி மட்டும் வேணாம், சாதாரண ஈய ரவை அப்படிப் பொறி பறக்க விடாது, படத்துல அதுக்குன்னே சிர்கோனியம் கலந்த உருண்டையை அடிக்கிறாங்க. உங்க கேமுல தூசி கிளம்பட்டும், லயத்து சுண்ணாம்பு உதிரட்டும்.

உங்க நேரத்தையெல்லாம் சத்தத்துல போடுங்க. நம்ம மலைக்குளிர்ல சத்தம் செக்கனுக்கு 340 மீட்டர் போகும், ரவை அதுல ரெண்டு மடங்கு வேகத்துல கிளம்புது, அப்ப எதிர் மலையிலயிருந்து சுட்டா முதல்ல பக்கத்துல தேயிலைச்செடி படார்னு ஆடும், அதுக்குப் பிறகுதான் வெடிச்சத்தம் வந்து சேரும், அதுக்கும் பிறகு அந்த சத்தம் மலை மலையா மோதித் திரும்பி வரும், எந்தப் பக்கத்துலயிருந்து சுட்டாங்கன்னே பிடிபடாது. மூடுபனி வேற இறங்கிருச்சுன்னா விளையாடுறவங்களுக்கு காதை விட்டா வேற வழியில்ல. இப்படி ஒரு கேமை நான் இன்னும் விளையாடல.

வர்ற தீபாவளிக்கு உங்க வீட்டு வாசல்ல போன்ல ரெக்கோர்ட் போட்டு வச்சிட்டு, கூட்டாளியை எதிர் மலைக்கு அனுப்பி ஒத்தை வெடி ஒண்ணு போடச் சொல்லுங்க. வெளிச்சம் தெரிஞ்சதுலயிருந்து சத்தம் வர்ற வரைக்கும் எத்தனை செக்கன், முதல் எதிரொலி எப்ப, ரெண்டாவது எப்பன்னு எழுதி வைங்க. பகல்ல ஒரு தடவை, ராவுல பனி இறங்கின பிறகு ஒரு தடவை. எழுதினதை எனக்கும் அனுப்புங்க தங்கச்சி, அடுத்த இதழ்ல உங்க கணக்கை வச்சே ஆரம்பிக்கிறேன்.