குச்சிக்கிழங்கில் ‘பாயிண்ட்’ ஏறுவதும் இறங்குவதும்

கேள்வி: செடி மாவுச்சத்தை எப்படித் தயாரிக்கிறது? பயிரில் அதைக் கூட்ட வழி உண்டா?

எங்களுக்கு ராசிபுரம் பக்கம். மரவள்ளிக்கு இங்கே குச்சிக்கிழங்கு என்றுதான் பேர். சேகோ (ஜவ்வரிசி) மில்லில் எடையை மட்டும் பார்த்துக் காசு தர மாட்டார்கள், ‘பாயிண்ட்’ பார்ப்பார்கள். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுப்பார்கள். மாவு தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அதனால் மாவு ஏறிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனத்து நிற்கும். 28 பாயிண்ட் என்றால் நூறு கிலோவில் 28 கிலோ மாவு என்று கணக்கு. ஒரு பாயிண்ட் இறங்கினாலும் எங்கள் வீட்டில் அன்றைக்குப் பேச்சு முழுக்க அதுதான்.

இலை பகலில் வெயிலையும் தண்ணீரையும் கரியமில வாயுவையும் வைத்துச் சர்க்கரை செய்கிறது. ஒரு பங்கை உடனே கீழே அனுப்பிவிட்டு, மிச்சத்தை இலையிலேயே மாவாகப் போட்டு வைக்கும். ராத்திரி அதைக் கரைத்து, சுக்ரோஸாகக் கிழங்குக்கு இறக்கும். (சாயங்காலம் பறித்த இலையின் பச்சையைப் போக்கிவிட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். விடிகாலை இலையில் அந்த நிறம் அவ்வளவாக வராது.) கிழங்குக்குள் வந்த சர்க்கரை சில படிகள் தாண்டி ஏடிபி-குளுக்கோஸ் (ADP-glucose) ஆகிறது. அதிலிருந்துதான் சங்கிலி கோக்கப்படுகிறது. நீளமாகப் போவது அமைலோஸ், கிளை விட்டுப் போவது அமைலோபெக்டின். இரண்டும் இறுகி மணிகளாகின்றன. சர்க்கரையாகவே வைத்தால் தண்ணீரை இழுத்துச் செல் வீங்கிவிடும். மாவு கரையாமல் சும்மா கிடக்கும். கிழங்கு, செடியின் குதிர்.

குதிரில் இருப்பதைச் செடி எடுத்தும் தின்னும் என்பது எங்களுக்கு ஒரு வருசம்தான் உறைத்தது. பத்தாம் மாதம் பிடுங்க வேண்டியதை, விலை ஏறட்டும் என்று அப்பா நிறுத்தி வைத்தார். கோடைமழை இரண்டு நன்றாகப் பெய்தது. வறட்சியில் இலை கொட்டி நின்ற காடு தளதளவென்று துளிர்த்தது. கிழங்கு இன்னும் பெருக்கும் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். அப்பாரு (தாத்தா) மட்டும், “மேல துளுத்தா கீழ இளைக்கும் கண்ணு” என்றார். மில்லில் போட்டுப் பார்த்தால் ஐந்து பாயிண்ட் காணோம். புதுத் துளிர் தானே சம்பாதிக்கும்வரை அதற்குச் சோறு போட்டது கிழங்கிலிருந்த மாவுதான்.

ஆய்வுக்கூடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1992-இல் ஏடிபி-குளுக்கோஸைத் தயாரிக்கும் என்சைமின் மரபணுவை, ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்து உருளைக்கிழங்கில் புகுத்தினார்கள். மாவு கூடியது. 1996-இல் வேறொரு குழு வேறு ரகத்தில் செய்தபோது மாவு வேகமாக உருவானது, அதே வேகத்தில் கரையவும் செய்தது. கடைசியில் கைக்கு மிச்சமில்லை. எனக்கு அப்பாரு ஞாபகம்தான் வந்தது.

சரி, காட்டில் என்ன செய்யலாம்? பொட்டாஷ் உரம் போடாமல் இருந்துவிடாதீர்கள். சர்க்கரை கீழே இறங்கவும், மாவைக் கோக்கும் என்சைம் வேலை செய்யவும் அது வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் தழைதான் மதமதவென்று வரும், பாயிண்ட் வராது. இலையில் தேமல் விழும் மொசைக் நோய் பட்ட செடியில் குச்சி வெட்டி நடாதீர்கள், இலை சம்பாதித்தால்தானே கிழங்குக்கு வரும். மாவுப்பூச்சிக்கும் இதே நியாயம். மாவைத் தின்னும் பூச்சிக்குப் பொருத்தமாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். மேலே வெள்ளையாக மாவு பூசினாற்போல் இருப்பதால் வந்த பேர் அது. ரகத்துக்கு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஸ்ரீ ஹர்ஷா, குரோமோசோம் மூன்று தொகுதி உள்ளது, மாவு அதிகம். ஆனால் பக்கத்துக் காட்டில் எப்படி வந்தது என்று பார்த்துவிட்டே நான் குச்சி வாங்குவேன்.

அப்புறம், மழை பெய்து துளிர்த்துவிட்டால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். இலை முற்றி மறுபடி மாவு இறங்கக் கொஞ்சநாள் விடுங்கள். பிடுங்கிய கிழங்கை அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீல வரி ஓடிவிடும், மில் வாசலில் லாரி வரிசை எவ்வளவு நீளம் என்று முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு ஆள் விடுங்கள்.