“ஒன்றுமே சாப்பிடுவதில்லை, டாக்டர்!”: வாசகர் கேள்விகளும் குழந்தை மருத்துவரின் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை “என் குழந்தை ஒன்றுமே சாப்பிடுவதில்லை” என்றுதான் தொடங்குகின்றன. வயதை எல்லோரும் எழுதுகிறார்கள். எடையை எழுதுபவர்கள் மிகச் சிலரே. எடையைச் சொல்லாமல் பசியைப் பற்றிக் கேட்பது, மீட்டரைப் பார்க்காமல் மின்கட்டணம் எவ்வளவு என்று கேட்பது போன்றது. போன முறையும் இதையே எழுதினேன்.

என் மகளுக்கு ஒன்றரை வயது. முதல் பிறந்தநாள் வரை நன்றாகச் சாப்பிட்டவள், இப்போது நான்கு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. எடை 9 கிலோ 800 கிராம். (ஒரு தாய், நாமக்கல்)

எடையை எழுதியதற்கு முதலில் நன்றி. இந்த வயதுப் பெண் குழந்தைக்கு 10 கிலோவை ஒட்டிய எடை சரியானதே. ஏறத்தாழ 3 கிலோவாகப் பிறந்த குழந்தை ஓராண்டில் 9 கிலோவாகிறது; ஆனால் அடுத்த ஆண்டு முழுவதிலும் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. அவளுடைய இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வதே 300 மில்லி அளவுதான். உங்கள் தட்டில் விழும் சோற்றில் கால் பங்கை வையுங்கள்; மீண்டும் கேட்டால் மீண்டும் வையுங்கள். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்த்து, தாய்-சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் குறித்து வாருங்கள். கோடு மேல்நோக்கிச் செல்லும்வரை நான்கு வாயா ஐந்து வாயா என்று எண்ண வேண்டாம்.

2 வயது 2 மாத மகன். இட்லி ஒன்றரை, பருப்புச் சோறு இரண்டு கவளம், அவ்வளவுதான். சாப்பிடாததை ஈடுகட்ட நாளுக்கு நான்கு டம்ளர் பாலில் சத்துபானப் பொடி கலந்து தருகிறோம். இரவில் ஒன்று பாட்டிலில். பசியைத் தூண்ட ஏதேனும் டானிக் எழுதித் தர முடியுமா? (ஒரு தந்தை, ஓசூர்)

டானிக் எழுத மாட்டேன். எழுத வேண்டியதெல்லாம் உங்கள் கேள்வியின் நடுவிலேயே இருக்கிறது.

கணக்குப் போடுவோம். டம்ளருக்கு 200 மில்லி என்றால் நான்குக்கு 800 மில்லி. சமன்படுத்தப்பட்ட பாலென்றால் அதில் 450 கலோரிக்கு மேல் உண்டு. பொடியும் சர்க்கரையும் சேர்ந்து இன்னுமொரு 200, 250. உங்கள் மகனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 1000 கலோரி. 700 கலோரியைக் குடித்துவிட்ட பிள்ளை மிச்சத்தை அந்த ஒன்றரை இட்லியிலும் இரண்டு கவளத்திலும் முடித்துக்கொள்கிறான். அவன் சாப்பிடாததால் நீங்கள் பால் கொடுக்கவில்லை; நீங்கள் பால் கொடுப்பதால் அவன் சாப்பிடவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

டம்ளருக்கு 200 மில்லி என்று நான் எடுத்துக்கொண்டதும் உங்கள்மீது உள்ள நல்லெண்ணத்தால்தான். “ஒரே ஒரு டம்ளர்தான் டாக்டர்” என்று சாதித்த ஒரு தாயிடம், அடுத்த முறை வரும்போது அந்த டம்ளரையே கொண்டு வரச் சொன்னேன். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வைத்த, பிள்ளையின் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர். அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அளவுக் குவளையில் கவிழ்த்தால் 280 மில்லி வந்தது. அதில் இரண்டு வேளை கொடுத்தாலே அரை லிட்டரைத் தாண்டிவிடும். ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டர் என்பதே உச்ச வரம்பு. எனவே வாசகர்கள் எல்லோரும் இன்று மாலை உங்கள் வீட்டு டம்ளரை அளந்து பாருங்கள்.

வயிறு நிறைவதைவிடப் பெரிய கேடு இரும்புச்சத்தில் இருக்கிறது. இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராம் தேறினால் அதிகம். போதாக்குறைக்கு, பாலில் உள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. சோகை பிடித்த குழந்தைக்குப் பசி மந்தப்படும். பசி மந்தப்பட்டால் வீட்டார் இன்னும் ஒரு டம்ளர் பாலை ஆற்றுவார்கள். சோகை மேலும் முற்றும்.

அந்தப் பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டப்பாவின் முன்பக்கத்தில் ஓடும் பிள்ளையின் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருப்பதைப் படியுங்கள். சில பொடிகளில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகைக்கு வரையறையே இல்லை என்பதால், அந்தத் தலைப்பின்கீழ் இத்தகைய பானங்களைப் பட்டியலிடக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. இத்தனைக்குப் பிறகும், மாதாந்திர மளிகைச் சீட்டில் பருப்புக்கு முன்னால் அந்தப் பொடியின் பெயரை எழுதும் வீடுகளை நான் அறிவேன்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் வாரம் இரவுப் பாட்டிலை நிறுத்துங்கள். அது பல்லையும் அரிக்கும். இரண்டாம் வாரம் காலைப் பாலை, சிற்றுண்டி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். மூன்றாம் வாரத்துக்குள் 150 மில்லி வீதம் இரண்டு முறை, பொடி இல்லாமல், டம்ளரில் என்ற அளவுக்கு வந்துவிட வேண்டும். முதல் மூன்று நாள் அழுவான். தண்ணீர் கொடுங்கள், பாட்டிலைக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒருவர் மனமிளகினாலும் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம், எடையை எழுதவில்லையே ஐயா?

கைபேசியில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறாள். நிறுத்தினால் சோற்றை வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்கிறாள். வயது இரண்டேகால். (திருநெல்வேலி)

படத்தில் கண்ணை வைத்திருக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. மெல்வதும் மறந்துபோகும், அதனால்தான் வாயில் அடக்குகிறாள். இரண்டு வயது வரை திரையே கூடாது என்பதும், அதற்குமேல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். படிப்படியாகக் குறைப்பது இதில் பலிக்காது. ஒரே நாளில் நிறுத்துங்கள். உங்கள் கைபேசியையும் அந்த நேரத்தில் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

பேரனுக்கு மூன்று வயது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க ஓடி, காக்கா காட்டி, நாய் காட்டி ஊட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. என் முழங்கால் போய்விட்டது. (ஒரு பாட்டி, கும்பகோணம்)

அம்மா, உங்கள் முழங்காலை முதலில் காப்பாற்றுவோம். அரை மணி நேரத்துக்கு மேல் எந்த வேளையும் நீளக் கூடாது. வீட்டார் உண்ணும்போது அவனையும் உடன் உட்காரவைத்து, தனித் தட்டில் போட்டுவிட்டு, நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். சிந்தட்டும். நேரம் முடிந்ததும் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை பிஸ்கட், முறுக்கு, பால் எதுவும் வேண்டாம். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு; எவ்வளவு என்பது பிள்ளையின் வயிற்றுக்கு விட்டுவிட வேண்டியது.

இது என் சொந்தக் கற்பனையன்று. அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1926 முதல் சில ஆண்டுகள், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளின் முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளிலிருந்து வேளைக்குச் சிலவற்றை வைத்து, தாதியர் யாரும் வற்புறுத்தக் கூடாது என்று கட்டளையிட்டுப் பார்த்தார். ஒரு நாள் ஒன்றையே அள்ளித் தின்றார்கள், மறுநாள் அதைத் தொடவில்லை. ஆனாலும் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். அந்த உணவுகளில் சர்க்கரையோ, இனிப்புப் பண்டமோ எதுவும் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காய்கறி எதையும் தொடுவதில்லை. மூன்று முறை கொடுத்துப் பார்த்தேன்.

மூன்று முறை போதாது. ஒரு காயைப் பத்துப் பதினைந்து முறை கண்டு, தொட்டு, துப்பிய பிறகே பல குழந்தைகள் விழுங்கத் தொடங்குகிறார்கள். ஒரு துண்டு பூசணியோ கேரட்டோ தட்டின் ஓரத்தில் வையுங்கள். அதைப் பற்றிப் பேசாதீர்கள். முருங்கைக்கீரையை அடை மாவில் கலக்கலாம், ஆனால் கீரையைக் கண்ணிலும் காட்டுங்கள். நீங்கள் சாம்பாரில் காயை ஒதுக்குபவராக இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

இரண்டு வயதாகியும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறோம். சிறு பருக்கை இருந்தாலும் குமட்டுகிறான்.

பருக்கையுள்ள உணவை ஒன்பது பத்து மாதத்துக்குள் பழக்கியிருக்க வேண்டும். மிக்ஸியை உள்ளே வைத்துவிட்டு, குழைந்த பருப்புச் சோற்றைக் கையால் மசித்துத் தொடங்குங்கள். வாராவாரம் மசிப்பதைக் குறையுங்கள். குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. ஒரு மாதம் ஆகியும் மாற்றம் இல்லையென்றால் நேரில் காட்டுங்கள்.

சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள். பூஜையறை விபூதித் தட்டையும் விடுவதில்லை. அடித்தும் பார்த்துவிட்டோம். (மதுரை)

அடித்ததற்காக உங்களைக் கடிந்துகொள்கிறேன். மண், சுண்ணாம்பு, சாம்பல் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். 11க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்புச் சொட்டுமருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் பாலுடன் கொடுக்காதீர்கள். மலம் கறுத்துப் போனால் பயப்படாதீர்கள். சோகை இல்லாத குழந்தைக்கும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்பு மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று, பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

தயிர் சாதம் மட்டும்தான் இறங்குகிறது.

ஒரு வேளைக்கு இருக்கட்டும். மற்ற வேளைகளில் பருப்பும் முட்டையும் இறங்கட்டும்.

எடை கூட, ஊறவைத்த பாதாமும் வறுத்த நிலக்கடலையும் கையில் கொடுக்கலாமா? வயது இரண்டு.

முழுதாகக் கூடவே கூடாது. பொடித்துக் கஞ்சியிலோ, அரைத்துச் சட்னியிலோ கொடுங்கள். ஐந்து வயது வரை முழுக் கடலை, பாதாம், முழுத் திராட்சை, பட்டாணி எதுவும் வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கிய ஒரு கடலையை எடுக்க மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட வேண்டியிருக்கும். அதுவும் மருத்துவமனை போய்ச் சேரும்வரை குழந்தை தாங்கினால். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

சாப்பாடு சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள்.

வயிற்றின் மேல் குழலை வைத்து உறிஞ்சினால் இரைப்பையில் உள்ளது தோல் வழியாக வெளியே வராது. தொக்கம் எடுப்பவர் காட்டும் பிஸ்கட் துண்டு அவரே கொண்டு வந்தது. போகாதீர்கள்.

மூன்று வயது மகன் சாதம், இட்லி, ஒரே ஒரு வகை பிஸ்கட் தவிர எதையும் தொடுவதில்லை. வேறு உணவின் வாடை பட்டாலே வாந்தி. இன்னும் சொற்கள் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் திரும்புவதில்லை. பிடிவாதம் என்கிறார் மாமியார்.

இது பிடிவாதமாகத் தெரியவில்லை, அம்மா. இதை நீங்கள் சேர்த்து எழுதியது மிகவும் நல்லது. உணவைப் பற்றிய கவலையைச் சற்றுத் தள்ளிவைத்து, முதலில் கேட்கும் திறனையும், பேச்சு, பழகும் தன்மை ஆகியவற்றின் வளர்ச்சியையும் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு; சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அதுவரை அவன் உண்பதைப் பிடுங்க வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். உங்கள் வளர்ப்பில் குறை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கண் பட்டதால்தான் சாப்பிடவில்லை என்கிறார் என் அத்தை. சுற்றிப் போடலாமா?

தாராளமாகச் சுற்றிப் போடுங்கள். மிளகாய்ப் புகை குழந்தையின் மூச்சில் ஏறாதபடி வாசலுக்கு வெளியே செய்யுங்கள். புகை அடங்கியதும் எடை பார்த்து எழுதுங்கள்.