தற்காப்பை ஏற்கும் கத்தோலிக்கத் திருச்சபை, ஆயுத விற்பனையை மட்டும் ஏன் எதிர்க்கிறது?

இதில் முரண்பாடு இல்லை. ஒரு நாடு தன் மக்களைக் காக்க ஆயுதம் வைத்திருப்பது வேறு, லாபத்துக்காக அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்பது வேறு. ஆயுத உற்பத்தியும் விற்பனையும் உலகின் பொதுநன்மையைத் தொடுவதால், அவற்றை ஒழுங்குபடுத்துவது அரசுகளின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்கிறது திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூல்.

2015 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். மக்களைச் சொல்லொணாத் துன்பத்தில் தள்ளுகிறவர்களுக்கு ஏன் கொடிய ஆயுதங்களை விற்கிறோம் என்று கேட்டார். பணத்துக்காக, அதுவும் ரத்தத்தில் நனைந்த பணத்துக்காக என்று பதிலையும் அவரே சொன்னார். உலகிலேயே அதிகமாக ஆயுதம் ஏற்றுமதி செய்யும் நாட்டின் அவையில் நின்று இதைச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், வறுமை. 1964இல் பம்பாய் வந்த போப் ஆறாம் பவுல், ராணுவச் செலவின் ஒரு பகுதியை ஏழைகளுக்கான உலக நிதியாக்கும்படி வேண்டினார். 1967இல் சுற்றுமடல் எனப்படும் தன் போதனைக் கடிதத்திலும் அதையே மறுபடி எழுதினார்.

சட்டமும் இல்லாமலில்லை. 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஆயுத வர்த்தக ஒப்பந்தம், இனப்படுகொலைக்குப் பயன்படும் என்று தெரிந்தே ஆயுதம் அனுப்புவதைத் தடை செய்கிறது. ஆனால் ஒவ்வோர் ஏற்றுமதியையும் அனுமதிக்கலாமா என்று முடிவெடுப்பது விற்கிற நாடேதான். அதனால்தான் மனசாட்சியிடம் பேசும் குரல் இன்னும் தேவைப்படுகிறது.