நியோவிமுக்குத் தனி விண்டோ: பழைய செட்டிங் போய்விடுமா?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒரு ஐஸ் பிளான்ட்டின் பில்லிங் மென்பொருளை வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்கிறேன். கோடு சென்னையில் உள்ள ஒரு சர்வரில் இருக்கிறது. இரண்டு வருடமாக டெர்மினலில் நியோவிம்தான். இப்போது கண் வலிக்கிறது. நியோவைடு போடலாமா? போட்டால் சேர்த்து வைத்த செட்டிங் எல்லாம் போய்விடுமா? லேப்டாப் பழையது, உபுண்டு 22.04."

போகாது. நியோவைடு தனி எடிட்டர் கிடையாது, நியோவிம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரைத் தனி விண்டோவில் காட்டும் மென்பொருள். பின்னால் ஓடுவது அதே நியோவிம்தான். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து, என்ன நிறம் என்று அது சொல்லச் சொல்ல, நியோவைடு திரையில் வரைகிறது. இதுவரை டெர்மினல் பார்த்த வேலையை இது எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உங்கள் இனிட்.லுவா (நியோவிமின் செட்டிங் ஃபைல்), பிளகின்கள், விரலுக்குப் பழகிய கீமேப் (விசைக் குறுக்குவழிகள்) எல்லாம் அப்படியே வரும்.

முதலில் நியோவிம் பதிப்பைப் பாருங்கள். உபுண்டு 22.04-இல் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் கிடைப்பது 0.6. இப்போதைய நியோவைடுக்குக் குறைந்தது 0.10 வேண்டும். அதனால் இரண்டையும் அவற்றின் வெளியீட்டுப் பக்கங்களிலிருந்து ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓட்டக்கூடிய ஒற்றை ஃபைலாக) இறக்கிக்கொள்வதே நல்லது.

அடுத்து உங்கள் கண். இனிட்.லுவாவில் ஜியுஐஃபான்ட் என்ற ஆப்ஷனில் எழுத்துருவின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, சின்ன எச், பிறகு அளவு, இப்படி எழுதுங்கள். 16-இல் தொடங்கலாம். ஸ்கேல் ஃபேக்டர் என்று ஒரு மாறியும் உண்டு. அதைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு கீமேப் வைத்துக்கொண்டால் சாயங்காலம் கண் சோர்ந்த நேரத்தில் ஒரே தட்டில் எழுத்தைப் பெரிதாக்கலாம். எனக்கு மிகவும் உதவியது இதுதான். பேஸ்ட் செய்யும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி வேலை செய்யவில்லையே என்று பதற வேண்டாம். அது டெர்மினல் கொடுத்த வசதி, இங்கே அதற்கும் ஒரு கீமேப் எழுத வேண்டும்.

நான் இரண்டு மணி நேரம் தொலைத்த இடம் ஒன்று உண்டு. மெனுவில் ஐகானைத் தட்டித் திறந்தால் கோடில் பிழை காட்டும் லாங்குவேஜ் சர்வர் வரவில்லை. டெர்மினலில் நியோவைடு என்று டைப் செய்து திறந்தால் வருகிறது. காரணம், பாத் விவரத்தை (புரோகிராம்களை எங்கே தேடுவது என்பதை) நான் டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதியிருந்தேன். மெனு அந்த ஃபைலைப் படிப்பதில்லை. அந்த வரியை, லாகின் செய்யும்போது படிக்கப்படும் டாட்-புரொஃபைலுக்கு மாற்றி, லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்ததும் சரியானது.

சரி, சென்னை சர்வர். அங்கே நியோவிமை ஹெட்லெஸ் ஆக (திரை இல்லாமல்), 6666 போன்ற ஒரு போர்ட்டில் இணைப்புக்குக் காத்திருக்கும்படி ஓடவிடலாம். இங்கிருந்து எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் பாதுகாப்பான தனி வழி) போட்டு, நியோவைடின் சர்வர் ஆப்ஷனில் அந்த போர்ட்டைக் கொடுத்தால் போதும். லோக்கல்ஹோஸ்டில் (அந்த சர்வருக்கு உள்ளே) மட்டும் இணைப்பை ஏற்கும்படி வையுங்கள், தயவுசெய்து. அந்த போர்ட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. வெளியே திறந்து வைத்தால் உள்ளே வருகிறவர் உங்கள் பெயரில் எந்தக் கமாண்டையும் ஓட்டலாம்.

சர்வரில் ஓடும் அந்த நியோவிமை டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் புரோகிராம்களை ஓடவிடும் கருவி) தொடங்குவதும் முக்கியம். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் நம் பக்கம் நெட் விட்டுவிட்டு வருவது உங்களுக்கே தெரியும். வெறும் எஸ்எஸ்எச்சில் தொடங்கினால் லைன் அறுந்ததும் நியோவிமும் போய்விடும். டிமக்ஸில் இருந்தால் திறந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும், திரும்ப இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் வேலையை முடிக்கும்போது பழக்கத்தில் எல்லாவற்றையும் மூடும் கியூ-ஏ கமாண்டை அடித்துவிடாதீர்கள், அது அங்கே ஓடும் நியோவிமையே மூடிவிடும். விண்டோவை மட்டும் மூடி, கேட்டால் டிடாச் (இணைப்பை மட்டும் விடு) என்று சொல்லுங்கள். இந்த முறையில் படிக்கப்படுவது சர்வரில் உள்ள இனிட்.லுவா, ஆகவே எழுத்து அளவை அங்கேயும் எழுதுங்கள். ஒவ்வொரு தட்டும் சென்னை போய்த்தான் திரும்பும் என்பதால், டைப் செய்யும்போது வரும் தாமதம் நியோவைடால் குறையாது.

கமென்ட்டுகளைத் தமிழில் எழுதுகிறவர் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துகள் சம அளவுக் கட்டங்களுக்குள் அடைக்கப்படுவதால் 'கௌ', 'ணை' போன்றவை இங்கேயும் நெருக்கியடித்து நிற்கலாம்.

பழைய லேப்டாப்பில் திரை திணறினால் கர்சர் அனிமேஷன் நீளத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள். அப்படியும் இழுத்தால், கிராபிக்ஸ் சிப்பை அதிகம் நம்பாத நியோவிம்-க்யூட்டி என்ற இன்னொரு விண்டோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள்.