மகள் எந்தக் கண்ணால் பார்க்கிறாள்? சோம்பேறிக் கண் குறித்துக் கேள்வி பதில்

கோவையில் கண் மருத்துவமனை ஒன்றில் குழந்தைகளின் பார்வையை அளக்கும் பணியில் இருக்கிறேன். பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு என்னாலான விளக்கம் இது.

பள்ளியில் நடந்த பரிசோதனையில், ஆறு வயது மகளுக்கு இடது கண்ணில் பார்வை குறைவு என்றார்கள். வீட்டில் டிவியெல்லாம் நன்றாகத்தானே பார்க்கிறாள்? (கோபிசெட்டிபாளையம்)

அம்மா, அவள் பார்ப்பது வலது கண்ணால். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால், அந்தக் கண் அனுப்பும் கலங்கலான படத்தை மூளை ஒதுக்கிவிட்டு, தெளிவான படத்தை மட்டுமே ஏற்கப் பழகிவிடுகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால், சரியான கண்ணாடி போட்டாலும் உடனே எழுத்து தெரியாது. பிறந்தது முதல் அப்படியே பார்த்த குழந்தைக்குக் குறை இருப்பதே தெரியாது. அதனால்தான் அவள் உங்களிடம் சொல்லவில்லை.

மங்கலான கண்ணை மூடினால் பேசாமல் இருக்கும் குழந்தை, நல்ல கண்ணை மூடியதும் என் கையைத் தட்டிவிடும். இல்லையென்றால் தலையைச் சாய்த்து ஓரமாக எட்டிப் பார்க்கும். தனியாகக் காட்டும் எழுத்தைச் சொல்லிவிடும். அதே எழுத்தை வரிசைக்கு நடுவில் வைத்தால் தடுமாறும். பவர் அளக்கும்போது, சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்த பிறகே அளக்கச் சொல்லுங்கள். சிறு குழந்தைகளின் கண், பார்வையைக் குவிக்கும் முயற்சியிலேயே உண்மையான பவரை மறைத்துவிடும்.

மகனுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்து நான்கு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஒட்டுப் போட வேண்டாமா? (தாராபுரம்)

கண்ணாடியே முதல் மருந்து. விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிந்தால், ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. போதாதவர்களுக்கு நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போட்டு, மங்கலான கண்ணைப் பார்க்க வைக்கிறோம். நடுத்தரக் குறைக்கு நாளுக்கு 2 மணி நேரம் மூடினாலும் 6 மணி நேரம் மூடினாலும் பலன் ஒன்றே என்று 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது; கடுமையான குறைக்கு 6 மணி நேரம் சொல்கிறோம். ஒட்டு தோலில் படிய வேண்டும், கண்ணாடியின் மேல் ஒட்டினால் இடைவெளி வழியே பார்த்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் வேர்த்து ஒட்டு பிரிந்துவிடும், தோலும் தடித்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் மாலையில் போட்டு வர்ணம் தீட்ட வைப்பது நல்லது. ஒட்டவே விடாத குழந்தைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அருகிலுள்ளவை அதற்கு மங்கலாகத் தெரியச் செய்யும் முறையும் உண்டு. அதை மருத்துவர் சொன்னபடி மட்டுமே செய்ய வேண்டும்.

பார்வை வந்துவிட்டது. ஒட்டை நிறுத்தலாமா? (அவிநாசி)

ஒரேயடியாக வேண்டாம். நேரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். நிறுத்திய பிறகும் ஓராண்டாவது பரிசோதனைக்கு வாருங்கள். சிலருக்குப் பார்வை மீண்டும் இறங்கிவிடுகிறது.

இரண்டு வயதுப் பேரனுக்கு மாறுகண். அதிர்ஷ்டம், கைவைக்காதே என்கிறார் அவனுடைய அம்மாயி. (பல்லடம்)

அம்மாயி பேரன் மேலுள்ள பாசத்தில் சொல்கிறார். ஆனால் விலகிய கண்ணின் படத்தையும் மூளை ஒதுக்கிவிடும் என்பதால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கண்ணுக்கு இழப்பு. அவரையும் உடன் அழைத்து வாருங்கள். நல்ல கண்ணை மூடும் கையைக் குழந்தை தள்ளிவிடுவதை நேரில் பார்த்தால் அவரே முன்னின்று சிகிச்சை செய்ய வைப்பார். கண் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டதே! (திருப்பூர்)

கைவிட வேண்டாம். 7 முதல் 12 வயதுவரை கண்ணாடியும் ஒட்டும் சேர்ந்து பலருக்குப் பலன் தருகின்றன; முன்பு சிகிச்சையே பெறாத 13 முதல் 17 வயதினரிலும் சிலருக்குப் பார்வை கூடியிருக்கிறது.

எனக்கு முப்பது வயது, விசைத்தறி ஓட்டுகிறேன். லேசர் செய்தால் சரியாகுமா? (சோமனூர்)

லேசர் பவரைக் குறைக்கும். மூளை கற்காமல் விட்ட பார்வையைத் தராது. உங்கள் நல்ல கண்ணைக் காப்பதே இப்போது முதல் வேலை. பவர் இல்லாவிட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்தே தறிக்கு முன் நில்லுங்கள்.