சர்வரை மாற்ற வேண்டாம், சிபியூ எண்ணைப் பாருங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "இலைக் கணக்கு மென்பொருள் க்யூஎமு (QEMU) என்ற மென்பொருள் சர்வருக்குள் உருவாக்கும் விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் கணினியில், ஓடுகிறது. சீசனில் 4 சிபியூ கொடுத்திருந்தோம். இலை வரத்து குறைந்ததும் ஒன்றைக் கழற்றினோம். மழைக்குக் கரண்ட் போகிறதே என்று ஜெனரேட்டர் லைனில் உள்ள சர்வருக்கு ஓடும்போதே மாற்றப் பார்த்தால் பாதியில் நிற்கிறது. போன வருடம் மாறியது. சர்வீஸ்காரர் இரண்டு சர்வரையும் புதிதாக வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?"

வேண்டாம். நீங்கள் அனுப்பிய பிழைச் செய்தியில் 'சிபியூ காமன் 3' என்று இருக்கிறது. அந்த 3-தான் விஷயம்.

சர்வர் மாற்றும்போது ஒவ்வொரு சிபியூவின் நிலையையும் க்யூஎமு ஓர் எண் போட்டு அனுப்புகிறது. எண்கள் 0-வில் தொடங்கும். உங்களிடம் மிச்சம் இருப்பது 0, 1, 3. அந்தப் பக்கம், அதாவது ஜெனரேட்டர் லைன் சர்வரில், '3 சிபியூ' என்று மட்டும் சொல்லித் தொடங்கியிருக்கிறார்கள், அதனால் அங்கே 0, 1, 2. 3 என்ற எண்ணுக்குப் போனதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

பழைய க்யூஎமுவில் சிபியூ உருவான வரிசைப்படி அடுத்த காலி எண் கிடைத்தது. இலை எடை போடும்போது வரிசையில் நிற்கும் இடத்தையே பாஸ்புக் எண்ணாக வைத்தால் எப்படி? ஒருவர் வராத நாளில் அடுத்தவர் இலை அவர் கணக்கில் ஏறிவிடும். 2016-இல் வந்த 2.7 பதிப்பில் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) மெஷின்களுக்கு இதைத் திருத்தினார்கள். இப்போது சாக்கெட், கோர், த்ரெட் என்ற இடத்தை வைத்துத்தான் எண். எப்போது செருகினாலும் அந்த இடத்துக்கு அதே எண்.

ஆகவே இரண்டு பக்கமும் ஒரே மெஷின் வகை, ஒரே கோர் அமைப்பு, அதிகபட்சம் 4 சிபியூ என்று வையுங்கள். அந்தப் பக்கம் 2 சிபியூவோடு தொடங்கி, மூன்றாவதைத் தொடக்கக் கட்டளையிலேயே கோர்-ஐடி 3 இடத்தில் செருகச் சொல்லுங்கள் (உங்களுடையது ஒரு சாக்கெட், 4 கோர்). அப்புறம் மாற்றினால் பாதியில் நிற்காமல் போய்ச் சேரும்.

போன வருடம் எப்படி மாறியது? அநேகமாக அப்போது கழற்றியது கடைசி எண்ணை. 3-ஐக் கழற்றினால் மிச்சம் 0, 1, 2. அந்தப் பக்கம் வெறும் எண்ணிக்கை சொன்னாலும் அதே மூன்றுதான் வரும். எனவே கழற்றும்போது எப்போதும் மேல் எண்ணிலிருந்தே கழற்றுங்கள். 3, அடுத்து 2, அடுத்து 1. நடுவில் கை வைக்காதீர்கள். 0-வைக் கழற்ற க்யூஎமுவே விடாது.

எனக்குக் கோபம் வருவது சர்வீஸ்காரர் மேல்தான். இரு பக்க அமைப்பும், ஓட்டத்தில் செருகியவை உட்பட, பொருந்த வேண்டும் என்று அதே பிழைச் செய்தி சொல்கிறது. அதைப் படிக்காமல் கொட்டேஷன் எழுதுகிறார்கள். மலைக்கு ஏறிவந்து பார்க்க அலுப்பு, சர்வர் விற்க மட்டும் அலுப்பில்லை. விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் (libvirt) மென்பொருள் வழியாக நடத்தினால் எந்த சிபியூ இருக்கிறது என்பதை அதுவே குறித்து வைக்கும். இவர்கள் கையால் எழுதிய ஸ்கிரிப்டை வைத்து ஓட்டி, அதையும் தங்கள் லேப்டாப்பில் பூட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு சர்வரின் தொடக்கக் கட்டளையையும் எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஏஎம்சியை (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை) புதுப்பிக்காதீர்கள்.